மதனவதியின் ஆணியில் என் துணி

பத்தாம் ஆண்டு மலருக்கு மதனவதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று ஆதிகேசவன் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். செத்த பிறகும் அவளுக்குத்தான் பக்கம். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த எனக்கு அவளைப் பற்றி எழுதுகிற வேலை.

"நீங்கதானே டீச்சர் அவங்களுக்கு லெட்டர் எல்லாம் எழுதிக் குடுத்துக்கினு இருந்தீங்க. உங்கள விட்டா யாருக்கு அவங்களப் பத்தித் தெரியும்?" என்றார் அவர். எங்கள் வீடுகளை மேற்பார்வை பார்க்கிறவர் அவர். ஒரு பக்கம் போதும் என்றார். சொல்ல வேண்டியதைச் சொன்னால் ஒரு பக்கத்தில் நிற்காது என்று அவருக்குத் தெரியாது.

மலர் வெளியூர்க்காரர் கைக்கும் போகும் என்பதால் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் ஒரே வரிசையாக ஒன்பது சின்ன வீடுகள். 1964இல் வாலாஜாபாத் நெல் வியாபாரி சாந்திநாதன் கட்டியது. அவருடைய தாயார் கடைசிக் காலத்தில் மூன்று பிள்ளைகள் வீட்டில் நாலு நாலு மாதமாக முறை வைத்து இருந்தாராம். மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்து கண்ணை மூடிவிட்டார். அந்த உறுத்தலில் மகன் கட்டினது இது. ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்பக்கம் துவைக்கிற கல். அறுபது தாண்டிய யாரும், பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியாக இருக்க விரும்பினால் வரலாம். சாவி அவரவர் இடுப்பில், சோறு அவரவர் அடுப்பில்.

ஊரில் 'ஒன்பது வீடு' என்பார்கள். அனாதை ஆசிரமம் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொன்ன ஒரு ஜட்காக்காரனை மதனவதி நடுரோட்டில் நிறுத்தி, இடுப்பிலிருந்த சாவியை உருவிக் காட்டினாள். "இது என் வூட்டுச் சாவி. உன் வூட்டுச் சாவி யார் இடுப்புல இருக்குது? பொண்டாட்டி இடுப்புலதானே? அப்போ யாருப்பா அனாத?" ஜட்காவில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதே ஜட்காக்காரனுக்கு அதே பதிலை நான் அதற்கு முந்தின வாரம்தான் இலக்கணமாகச் சொல்லியிருந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சாந்திநாதனும் எங்களைப் போல நயினார், அதாவது தமிழ்ச் சமணர்தான். அதனால் இங்கே இருப்பவர்களுக்கு மூன்று கட்டுப்பாடு வைத்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். இவை இரண்டும் சமணக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குப் பிறவிப் பழக்கம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்த கோதண்டபாணிக்குத்தான் ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே பிறந்து, ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். மாலை ஐந்து மணிக்குச் சோற்றைப் பார்த்தால் மனிதருக்குப் பசியே எடுக்காது.

மூன்றாவது கட்டுப்பாடு எல்லோரையும் பயமுறுத்தியது. எவரால் தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ள முடியவில்லையோ, அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிள்ளைகளிடமோ உறவுக்காரரிடமோ போய்விட வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் வைக்கச் சாந்திநாதனுக்கு வசதி இல்லை. அதனால் நாங்கள் யாரும் எங்கள் நோவை வெளியே சொல்ல மாட்டோம்.

இரண்டாவது கட்டுப்பாட்டிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் தானாக உண்டானது. விடிந்ததும் குடத்துத் தண்ணீரை வடிகட்டிவிட்டு, அந்தத் துணியைப் பிழிந்து வாசற்கதவு ஓரத்து ஆணியில் மாட்டுவோம். தண்ணீர்த்துணி என்போம் அதை. துணி ஆணியில் தொங்கினால் உள்ளே இருக்கிற ஆள் எழுந்துவிட்டார், நடமாடுகிறார் என்று அர்த்தம். வெயில் வாசலுக்கு வந்த பிறகும் ஆணி காலியாக இருந்தால் மற்றவர்கள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மூன்றாம் வீட்டு அங்கம்மாள் தூக்கத்திலேயே போனது அப்படித்தான் தெரிந்தது.

இனி மதனவதி. பாலாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். பதிமூன்றில் கல்யாணம், முப்பத்தெட்டில் தாலி போயிற்று. பத்துக் காணி நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்து, மணிலாக் கடலையும் நெல்லும் போட்டு, மகாவீரன் என்கிற ஒரே மகனை ஆளாக்கினாள். மகன் வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்ததும் நிலத்தை விற்றுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு வருஷம் இருந்து பார்த்தாள். பிறகு ஒரு டிரங்குப் பெட்டியும் ஓர் அம்மியுமாக இங்கே வந்து இறங்கினாள். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மற்றவர்கள் எல்லாம் அக்கா என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

ஏன் வராது என்று கேட்டால், முதல் நாளிலிருந்து சொல்ல வேண்டும். வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பித்தளைச் செம்புக்குள் இரண்டு சீட்டுதான் மிச்சம். நான் கைவிட்டு ஒன்றைத் தொட்டேன். பிறகு என்னவோ தோன்றி, அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தேன். எட்டு. நான் தொட்டுவிட்ட சீட்டு அவளுக்குப் போயிற்று. ஒன்பது. அதாவது கோடி வீடு.

கோடி வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அந்த வீட்டுக்கு மட்டும் மேற்குச் சுவரில் ஜன்னல். மற்ற எட்டு வீடுகளிலும் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். எங்கள் தட்டில் சோறு இருக்கும்போதே வெளிச்சம் போய்விடும், அள்ளி அள்ளி விழுங்க வேண்டும். அவள் வீட்டில் இன்னும் கால் மணி நேரம் வெயில் தரையில் கிடக்கும். ஆகவே என்ன ஆயிற்று? முதலில் ஏழாம் வீட்டுப் பூவம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பிறகு கோதண்டபாணி. பிறகு எல்லோரும். ஆளுக்கொரு தட்டோடு மேற்கு ஜன்னல் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் அரைத்த பிரண்டைத் துவையலைத் தொட்டுக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். நான் எட்டாம் வீட்டில் மங்கலில் உட்கார்ந்து, மோர்ச்சோற்றைத் தனியாக விழுங்குவேன்.

"டீச்சர், வாங்க, இங்க வெளிச்சமா இருக்குது" என்று அவள் சுவரைத் தட்டிக் கூப்பிடுவாள். தினமும் கூப்பிடுவாள். நான் போனதில்லை. அந்தச் சீட்டை நான்தான் முதலில் தொட்டேன். என் வெளிச்சத்தில் என்னையே விருந்துக்குக் கூப்பிடுகிறாள் என்று தோன்றும். வயிறு எரியும்.

கடிதம் இன்னொரு எரிச்சல். மாதம் ஒரு தடவை மகாவீரனிடமிருந்து இன்லண்டு லெட்டர் வரும், நான்தான் படித்துக் காட்ட வேண்டும். 'அம்மா, இந்த மாதமாவது வந்துவிடுங்கள், பிள்ளைகள் கேட்கிறார்கள், வண்டி அனுப்பட்டுமா' என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருப்பான். எனக்கு இருப்பது ஒரே தம்பி மகன், ஸ்ரீபாலன். மெட்ராஸில் பேங்க் வேலை. எட்டு வருஷத்தில் அவனிடமிருந்து மூன்று கார்டு வந்தது, மூன்றிலும் விலாசம் மாறியதைத்தான் எழுதியிருந்தான். வா வா என்று கெஞ்சுகிற பிள்ளைக்கு, வர மாட்டேன் என்று என் கையாலேயே மாதாமாதம் பதில் எழுதிக்கொடுத்தேன்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இப்படிக் கூப்பிடறானே, போனா என்ன?"

"போனா நல்லாத்தான் வெச்சிப்பான் டீச்சர். மருமவளும் நல்ல பொண்ணுதான். ஆனா அங்க நான் சொம்ப எடுத்தாக்கூட, நீங்க ஏன் அத்தை எடுக்கறீங்கன்னு வாங்கி வெச்சிடுவா. உட்காருங்க, உட்காருங்கன்னுவாங்க. விருந்தாளி மாதிரி. எத்தினி நாளிக்கு ஒரு மனுஷி விருந்தாளியா இருக்க முடியும்? இங்க என் அடுப்பு, என் சாம்பல். என்னத் தூக்கிக்கினு போனாத்தான் இந்த வூட்ட வுட்டு நான் போவேன்."

அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காற்று அவள் தண்ணீர்த்துணியை எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆணி காலி. வெயில் என்று ஒன்று அன்றைக்கு வரவே இல்லை, அதற்குள் பூவம்மாள் அலறிவிட்டாள். அத்தனை பேரும் அவள் கதவில் போய் விழுந்தார்கள். கோதண்டபாணி கிணற்றடியிலிருந்து கடப்பாரையோடு ஓடி வந்தார். கதவைத் திறந்தால், பல்பொடி வாயோடு மதனவதி நிற்கிறாள். கடப்பாரையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் பல்பொடி கோதண்டபாணியின் வேட்டியெல்லாம் தெறித்தது. அரை மணி நேரம் சிரித்தார்கள்.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. என் ஆணியும் காலிதான். நான் படுத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் போகும், வரும். கடப்பாரை வேண்டாம், ஒரு விரலால் யாராவது தட்டினால் போதும் என்றிருந்தது. கடைசியில் ஒரே ஒருத்தி தட்டினாள். மதனவதி. மிளகுக் கஞ்சியோடு வந்து நின்றாள்.

"மத்தவங்க எல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"பயப்படறாங்க டீச்சர். போன தடவ பூவு வந்து தட்டினப்போ, நான் இன்னும் சாகல போ-ன்னு கத்துனீங்களாமே. அதான், நான் போறேன்னு வந்தேன்."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கோ, உனக்கென்று யாரும் இல்லை, நான்தான் போனால் போகிறதென்று வந்தேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. கஞ்சியைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதற்காகவும் அவளைப் பிடிக்கவில்லை.

1972 வைகாசி, கருடசேவை அன்று நடந்ததை இனித் தள்ளிப்போட முடியாது.

கருடசேவைக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெருமாள் புறப்பட்டால் ஊரே தெருவில் இருக்கும். கோதண்டபாணிக்கு அது சாமி தரிசனம். எங்களுக்குக் கூட்டமும் கடைகளும் வேடிக்கை. வருஷா வருஷம் ஆதிகேசவன் இரண்டு மாட்டுவண்டி பேசிக் கூட்டிப் போவார். முதல் வண்டியில் முன்பக்கம், காற்று வருகிற இடம், மதனவதிக்கு. யாரும் சொல்லி வைக்கவில்லை, அப்படியே ஆகிவிட்டது. போகிற வழியெல்லாம் அவள் கதை சொல்லுவாள். பின்னால் இருப்பவர்கள் தலையை நீட்டி நீட்டிக் கேட்பார்கள்.

அன்று நான் விடிவதற்கு முன்பே எழுந்து, பின்பக்கக் கல்லில் துவைத்து முடித்து, கிணற்றடியில் குளித்துவிட்டு, தண்ணீர் வடிகட்டி, துணியை மாட்ட வாசலுக்கு வந்தேன். வெயில் வந்துவிட்டது. ஒன்பதாம் ஆணி காலி.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதோடு இன்னொன்றும் நினைத்தேன். இப்போது பூவம்மாள் பார்ப்பாள், அலறுவாள், எல்லோரும் ஓடுவார்கள், கடப்பாரை வரும், அவள் சிரித்துக்கொண்டே வருவாள், முன்பக்கம் ஏறி உட்காருவாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நாள், அவள் இல்லாமல் போனால் என்ன?

உள்ளே போய் இன்னொரு தண்ணீர்த்துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் ஆணியில் மாட்டினேன்.

வண்டியில் ஏறும்போது பூவம்மாள் கேட்டாள்: "மதனவதிக்கா எங்க? கூப்பிடலாமா?"

"துணி தொங்குது பார். வர்றதா இருந்தா வந்திருக்க மாட்டாங்களா?"

"நேத்துகூட வரேன்னாங்களேம்மா" என்றார் கோதண்டபாணி.

"கால் வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்க."

அது பொய் இல்லை. கால் வலி என்று அவள் சொல்லியிருந்தாள். முந்தின வாரம் சொன்னாள் என்பதை மட்டும் நான் விட்டுவிட்டேன். எதைச் சொல்லி எதை விட வேண்டும் என்பது வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாக வரும். வண்டி நகர்ந்தது. நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். நான் பேசினேன், கேட்டார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலி உடைந்து விழுந்த கதையைச் சொன்னேன், பூவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோதண்டபாணி எனக்கு ஒரு பனையோலை விசிறி வாங்கிக் கொடுத்தார். எட்டு வருஷமாக மதனவதிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது இதுதானா என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது மணி ஒன்று இருக்கும். பொரியும் கடலையும் பங்கு கொடுக்க பூவம்மாள் அவள் கதவைத் தட்டினாள். பிறகு பலமாகத் தட்டினாள். கோதண்டபாணி கடப்பாரையை எடுத்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அடுப்படியில் குடம் கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து வாசற்கதவு வரைக்கும் தரையில் ஈரத்தடம். கதவுக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் மதனவதி ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் தண்ணீர்த்துணி உலர்ந்தபடியே தோளில் இருந்தது. வடிகட்டுவதற்கு முன்பே வழுக்கி விழுந்திருக்கிறாள்.

"விழுந்ததும் நெனவில்ல" என்றாள். குரல் கம்மிப் போயிருந்தது. "முழிச்சப்போ வெயில் நல்லா ஏறிடுச்சி. ஆணி காலியா இருக்குதே, எப்படியும் வந்துடுவாங்கன்னு அசையாம படுத்துக்கினு இருந்தேன். ரொம்ப நேரம் இருந்தேம்மா. டீச்சரு செவுத்தக்கூடத் தட்டினேன். யாரும் வரல. அதுக்கப்பறந்தான் நகந்து பார்த்தேன்."

வாசலில் துணி தொங்கியதைப் பார்த்திருந்த மற்றவர்கள், மயக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, கயிற்றுக் கட்டிலில் வைத்து வெளியே தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது அவள் தலை ஆணியின் பக்கமாக இருந்தது. அங்கே தொங்கிய துணியை அண்ணாந்து பார்த்தாள். என் துணிகளுக்கு நான் ஓரம் தைப்பது வழக்கம். கோதண்டபாணி கொடுத்த மிச்சப் பட்டு நூலில், நீலத்தில். வரிசையில் வேறு யாரும் ஓரம் தைக்க மாட்டார்கள். பார்த்தாள். பிறகு கட்டில் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் வண்டி மாட்டைப் பூட்டச் சொல்லிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், உங்க துணி என் ஆணியில காயுது" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எடுத்துக்கினு போங்க. நாளிக்குத் தண்ணி வடிகட்டணுமில்ல."

இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் மகாவீரனிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். விரிசல்தான் விட்டிருந்திருக்கும், அசையாமல் கிடந்திருந்தால் சேர்ந்திருக்கும், தரையில் இழுத்துக்கொண்டு நகர்ந்ததில் எலும்பு விலகிவிட்டது, இனி கோல் இல்லாமல் நிற்க முடியாது, அடுப்பு வேலையெல்லாம் நினைக்கவே வேண்டாம். மகாவீரன் அழுதான். எனக்கு அழத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். பேனாவும் காகிதமும் கொண்டு வரச் சொன்னாள். எல்லாவற்றையும் சாந்திநாதனுக்கு எழுதி என்னை வெளியே அனுப்பப் போகிறாள், அதையும் என் கையாலேயே எழுத வைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒருவிதத்தில் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

"எழுதுங்க டீச்சர். அய்யா சாந்திநாதன் அவங்களுக்கு, ஒம்பதாம் நம்பர் மதனவதி நமஸ்காரம். என்னால இனிமே சோறாக்க முடியாது. அதனால வூட்டக் காலி பண்ணிக்கிறேன். எழுதிட்டீங்களா?"

"ம்."

"கோடி வூட்ட எட்டாம் நம்பர் கனகமாலா டீச்சருக்குக் குடுக்கணும். அவங்க ரொம்ப நாளா அந்த ஜன்னலுக்கு ஆசப்பட்டுக்கினு இருக்காங்க."

பேனா நின்றுவிட்டது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். என் பெயரை என் கையால் எழுதினேன். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை, அவ்வளவு வருஷப் பழக்கம். பிறகு கேட்டேன், "வேற ஏதாவது எழுதணுமா?"

பேனாவை மூடாமல் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதறதுக்கு வேற என்னா இருக்குது டீச்சர்?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடக் கையை நீட்டினாள்.

ஆனி மாதம் நான் ஒன்பதாம் வீட்டுக்குக் குடி வந்தேன். மேற்கு ஜன்னல் எனக்கு. முதல் இரண்டு வாரம் நான் தனியாக வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு பூவம்மாள் தட்டோடு வந்து, "உக்காரலாமா டீச்சர்?" என்றாள். கோதண்டபாணி வந்தார். எல்லோரும் வந்தார்கள். மதனவதிக்காகத்தான் வந்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சுற்றி உட்கார்ந்தார்கள். சாப்பிடும்போது அவளைப் பற்றித்தான் பேசினார்கள். நான் அரைத்த பிரண்டைத் துவையல் நாக்கை அரித்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் எனக்கு விழிப்பு வரத் தாமதமாகிவிட்டது. கதவு இடிபட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். "டீச்சர்! டீச்சர்!" என்று பூவம்மாள் அலறுகிறாள். கோதண்டபாணி கடப்பாரை கொண்டுவாங்க என்று கத்துகிறார். அத்தனை பேர் காலடியும் வாசலில் கேட்டது. எட்டு வருஷம் நான் படுத்துப் படுத்து ஆசைப்பட்ட சத்தம் அது. கதவுக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம், அவள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு, அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாலாஜாபாத்துக்கு ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்கப் போனேன். மில்லுக்குப் பின்னால் நல்ல அறை, நல்ல மெத்தை. மருமகள் தம்ளரை வாயில் வைத்துப் புகட்டினாள். மதனவதி குடித்தாள். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மில்லில் தவிடு புடைக்கிற பெண்கள் நாலு பேர் வந்து அவள் காலைப் பிடித்துவிட்டுப் போனார்கள். படுத்த இடத்திலும் அவளுக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அந்த நிலையிலும் பொறாமைப்பட என்னால் முடிந்தது என்பதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது முதல்முறையாக, "அக்கா" என்றேன்.

"உக்காருங்க, உக்காருங்கன்றாங்க டீச்சர்" என்றாள் அவள். "உக்காந்துக்கினே இருக்கேன்."

இந்தத் தை மாதம் போய்விட்டாள். அந்தத் துணியைப் பற்றி மகனிடம் சொல்லவில்லை, சாந்திநாதனிடம் சொல்லவில்லை, பூவம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கும் தெரியாது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். இதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே போய் உட்கார்ந்துவிட்டாள், என்னால் எட்ட முடியவில்லை.

அதனால் நானே எழுதிவிட்டேன். ஆதிகேசவன் இதை மலரில் போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் எட்டு வீட்டுக்காரர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலையில் தண்ணீர் வடிகட்டி, துணியை மாட்டிவிட்டு, இந்தக் காகிதங்களை அவர் கையில் கொடுக்கப் போகிறேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் என் ஆணி காலியாக இருக்கும். அன்றைக்குத் தட்டுவதா வேண்டாமா என்பதைப் படித்தவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

கனகமாலா
ஒன்பதாம் வீடு